தினமும் காலை ஐந்து தடவை

போன ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டு ஹாலில் சொல்லப்பட்ட ஒரு வாக்கியம், வியாழக்கிழமை ஆகியும் ஆறவில்லை.

சொன்னது அத்தை. கேட்டுக்கொண்டது சம்பந்தி, மருமகளின் அப்பா. டீ கப்பை ஏந்திக்கொண்டு நடுவில் திருதிருவென்று விழித்தது மருமகள்.

"ஒரு வாரம் போனும் வேண்டாம், மெசேஜும் வேண்டாம். இருந்து பாருங்களேன் சம்பந்தி. அப்பத்தான் இது தன் வீடுன்னு அவ மனசுல உட்காரும்."

சிரித்த முகத்தோடுதான் சொன்னாள். சிரித்துக்கொண்டே சொன்னால் வலிக்காது என்பது அத்தையின் நெடுநாள் நம்பிக்கை.

அவளையும் குற்றம் சொல்ல முடியாது. கல்யாணமாகி நாலு மாதம். மனிதர் எழுந்தாயா என்று ஒரு போன், குளித்தாயா என்று ஒரு போன், பஸ் கிடைத்ததா, உட்கார இடம் கிடைத்ததா, ஜன்னலோரமா என்று மூன்று போன். ஒரு நாளைக்கு ஒன்பது. அத்தை எண்ணியிருக்கிறாள். எண்ணுவது அவள் பிழைப்பு.

அந்தப் பிழைப்பு என்னவென்று தெருவில் பாதிப் பேருக்கு இன்னும் விளங்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் கம்ப்யூட்டர் பிரிவில், கிளவுட் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்பவள் அத்தை. வயது ஐம்பத்தாறு. கூட வேலை பார்க்கும் பிள்ளைகள் எல்லாம் மௌஸைப் பிடித்துப் பட்டன் பட்டனாக அமுக்கிக்கொண்டிருக்க, இவள் மட்டும் கறுப்புத் திரையில் கமாண்டை அடித்தே எல்லாவற்றையும் முடிப்பாள். அதனால் 'கறுப்புத்திரை அத்தை' என்று பெயர். தெரிந்தும் தெரியாததுபோல் இருக்கிறாள். உள்ளுக்குள் பெருமைதான்.

மருமகளுக்கும் அதே ஆஸ்பத்திரியில்தான் வேலை; ஸ்கேன் எடுப்பவள். சம்பந்தியும் அங்கேதான் ஸ்டோர்ஸைக் கட்டி ஆண்டு, ஆறு மாதம் முன்பு ரிட்டயர் ஆனார். மகன் மட்டும் தப்பித்து, ஊராருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறான். அத்தையின் கணவர் கப்பலில் சமையல்காரர். வருஷத்தில் பாதி நாள் கடலில் இருப்பதால் எந்தச் சண்டையிலும் அவர் பேர் அடிபடுவதில்லை. புண்ணியவான்.

வியாழக்கிழமைகளில் அத்தைக்கு வீட்டிலிருந்தே வேலை. காலை பத்து மணி. சாப்பாட்டு மேஜையில் லேப்டாப். பக்கத்தில் பிஸ்கட் டப்பா. உள்ளே மருமகள் தூங்குகிறாள். இன்று அவளுக்கு மதிய ஷிப்ட். நாலு நாளாகப் போன் அடிக்கவில்லை. வீடு அமைதியாக இருந்தது. அத்தை அந்த அமைதியை ஒரு பிஸ்கட்டோடு சேர்த்துச் சுவைத்துக்கொண்டிருந்தபோது தாடி கூப்பிட்டான்.

தாடி என்பது அவளுடைய மேலதிகாரி. முப்பத்திரண்டு வயது. தாடியை எடுத்தால் இருபத்திரண்டு.

"மேடம், ஆடிட்டர் லெட்டர் பாத்தீங்களா? நாலு மணிக்குள்ள வேணுமாம்."

"பாத்தேன். ஒரு டேட்டா சோர்ஸ்தானே. பன்னெண்டுக்குள்ள முடிஞ்சுடும்."

"ஸ்கிரீன்லயே பண்ணிடலாம் மேடம். நாலு பாக்ஸை ஃபில் பண்ணா முடிஞ்சுது. நான் வேணா ஷேர் பண்ணட்டா?"

"நீ ஷேர் பண்றதுக்குள்ள நான் ரெண்டு தடவை பண்ணிடுவேன். போனை வை ராசா."

மேலதிகாரியை ராசா என்று கூப்பிடும் உரிமை முப்பது வருஷ சர்வீசுக்குக் கிடைத்த ஒரே பதக்கம்.

வேலை பெரிய மாயமில்லை. ஸ்கேன் படம், டூட்டி அட்டவணை, மருந்து இருப்பு எல்லாம் இப்போது கிளவுடில், அதாவது எங்கோ இருக்கும் வாடகைக் கணினிகளில். அங்கே யார் உள்ளே வந்தார், யார் பாஸ்வேர்டைத் தப்பாகப் போட்டுத் திரும்பிப் போனார் என்று ஒவ்வொன்றும் லாக் என்ற பதிவேட்டில் வரி வரியாக விழும். வாசலில் வாட்ச்மேன் நோட்டில் எழுதுவானே, அந்த மாதிரி. எழுதினால் போதுமா? யாராவது எடுத்துப் படிக்க வேண்டாமா? அதற்குத்தான் இந்த டேட்டா சோர்ஸ். அரை மணிக்கு ஒரு தடவை தானாகப் போய் நோட்டைப் புரட்டி, கேட்ட கேள்விக்குப் பதில் கொண்டுவரும். ஆள் பிடிபட்டால் மணியடிக்கும்.

கேட்க வேண்டிய கேள்வியை, கம்ப்யூட்டர் பாதுகாப்பைத் தணிக்கை செய்யும் ஆடிட்டரே எழுதிக் கொடுத்திருந்தார். ஒரே ஐடியில் ஒரே நாளில் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தடவை தவறான பாஸ்வேர்ட் போட்டவர்கள் யார்? திங்கட்கிழமையிலிருந்து பார்க்க வேண்டும். வேலையை விட்டுப் போனவர்களின் மூடிய ஐடி மாட்டினால், பேரைப் போட்டு, காரணம் விசாரித்து அனுப்ப வேண்டும்.

அத்தை ஒரு ஃபைல் திறந்தாள். பெயர், கேள்வி, எந்த இரண்டு டேட்டா சென்டர்களில் தேடுவது, எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவை, எந்த நாளிலிருந்து, எண்ணிக்கை எதைத் தொட்டால் மணியடிப்பது என்று வரிசையாக அடித்தாள். அந்த ஃபைலைக் கோத்து ஒரே வரியில் கமாண்டைக் கொடுத்து என்டரைத் தட்டினாள்.

பிழை என்றது திரை.

"என்ன பிழை? உனக்கென்ன பிழை?" என்று திரையோடு மல்லுக்கு நின்றாள். மூன்றாவது வரியில் ஒரு கமா விட்டுப்போயிருந்தது. கமாவைப் போட்டு, யாரும் பார்க்கவில்லையே என்று உள்ளறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டு, மறுபடி தட்டினாள்.

'உருவாகிறது' என்றது. போட்டு வந்த டீ ஆறுவதற்குள் 'இயங்குகிறது' என்றது. முதல் ஓட்டம் ஓடி முடிந்தது. பிடிபட்டவர்கள்: பூஜ்யம்.

தாடிக்குப் போன் போட்டுச் சொன்னாள். அவன் குரலில் பல் தெரிந்தது. "ஜீரோவா? சூப்பர் மேடம்! அப்படியே அனுப்பிடுங்க. ஆடிட்டர் ஹேப்பி, நாம ஹேப்பி."

அனுப்பியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் அனுப்பியிருப்பார்கள். ஆனால் இவள் பால் பாக்கெட்டில் போட்டிருக்கும் தேதியைப் படித்த பிறகும் முகர்ந்து பார்க்கிற ஜாதி. மணியடிக்கும் எண்ணிக்கையை எடுத்துவிட்டு, அதே கேள்வியைத் தன் கையால் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தாள்.

ஒன்று, இரண்டு என்று தப்பு பண்ணியவர்கள் ஒரு கூட்டம். தூக்கக் கலக்கத்தில் இருக்கும் நர்சுகள். அவர்களைத் தள்ளிவிட்டுக் கீழே வந்தாள்.

ஒரு ஐடி. திங்கள் ஐந்து. செவ்வாய் ஐந்து. புதன் ஐந்து. இன்று ஐந்து. எல்லாம் காலை ஏழு பத்துக்கு ஆரம்பித்து ஏழு பதினாலுக்குள் முடிந்திருந்தது. ஆஸ்பத்திரிக்கு வெளியிலிருந்து. மூடிய ஐடி.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தன் ஃபைலைப் பார்த்தாள். ஆடிட்டர் கேட்டது 'ஐந்து அல்லது அதற்கு மேல்'. அவள் அடித்திருந்தது 'ஐந்துக்கு மேல்'. ஆறு தடவை தட்டினால்தான் மணி. ஐந்தோடு நிறுத்திக்கொள்கிறவன் தப்பித்துவிடுவான்.

யார் அந்த ஒழுங்கானவன் என்று மூடிய ஐடிகளின் பட்டியலைத் திறந்தாள். பெயரைப் படித்தாள். துறை: ஸ்டோர்ஸ். நிலை: ஓய்வு.

சம்பந்தி.

அத்தை லேப்டாப்பைப் பட்டென்று மூடினாள், என்னவோ அதற்குள்ளிருந்து அவர் எட்டிப் பார்த்துவிட்டதுபோல.

"என்ன அத்தை, திருடன் யாராவது மாட்டிட்டானா?"

மருமகள் கொட்டாவியோடு வந்து எதிரில் உட்கார்ந்து பிஸ்கட் டப்பாவை இழுத்துக்கொண்டாள்.

"திருடனும் இல்ல, ஒண்ணும் இல்ல. பல் தேய்ச்சியா?"

"எங்கப்பா மாதிரியே கேக்கறீங்க." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "நாலு நாளா போனே காணோம். நிஜமாவே கோவிச்சுட்டார் போல."

"என் மேலயா?"

"உங்க மேல கோவப்பட அவருக்குத் தைரியம் ஏது? என் மேலதான். நான் அன்னிக்கு வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லலயே. 'இருக்கட்டும் அத்தை, பண்ணட்டும்'னு சொல்லியிருக்கலாம்ல?"

அத்தைக்குச் சுருக்கென்றது. காட்டிக்கொள்ளவில்லை.

"உங்கப்பா காலைல ஏழு மணிக்கு என்ன பண்ணுவார்?"

"ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்."

இந்த வீட்டில் அத்தை சும்மா கேட்ட கேள்வி என்று சரித்திரத்தில் ஒன்றுகூடக் கிடையாது. மருமகளுக்கும் தெரியும். ஒரு நொடி உற்றுப் பார்த்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்ததால் விட்டுவிட்டுக் குளித்துக் கிளம்பினாள்.

அவள் போனதும் அத்தை லேப்டாப்பை மறுபடி திறந்தாள்.

செய்ய வேண்டியது எதுவும் இல்லை. அதுதான் கொடுமை. பொய் எழுத வேண்டாம், எதையும் அழிக்க வேண்டாம். திரையில் பூஜ்யம் தன்பாட்டுக்கு நிற்கிறது. அதை அப்படியே அனுப்பினால் போதும். தாடி ஹேப்பி. திருத்தி அனுப்பினாலோ, சம்பந்தி பெயர் ஆடிட்டர் மேஜைக்குப் போகும். நாலு மாதத்துக் கல்யாணம். 'என் அப்பாவைக் காட்டிக்கொடுத்தவ' என்று இந்தப் பெண் நாற்பது வருஷம் நினைத்துக்கொண்டிருப்பாள். அதே மேஜையில், அதே பிஸ்கட் டப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்து.

இன்னொன்றும் அரித்தது. மனிதர் எதற்காகத் தட்டுகிறார்? ஸ்டோர்ஸ் கணினியில் அவருக்கு இனி என்ன வேலை?

மணி ஒன்றரை. செருப்பை மாட்டினாள். நாலு மணிக்கு இன்னும் இரண்டரை மணி நேரம் இருந்தது.

சம்பந்தியின் வீடு இரண்டு தெரு தள்ளி, மாடிப் போர்ஷன். மனைவி தவறி எட்டு வருஷம். வீட்டை ஸ்டோர்ஸ் மாதிரியே வைத்திருந்தார். சர்க்கரை டப்பாவில் 'சர்க்கரை' என்று ஒட்டியிருந்தது. உப்பு டப்பாவில் உப்பு. தீப்பெட்டி மேல்கூட 'தீப்பெட்டி'.

கதவைத் திறந்து அத்தையைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"சம்பந்திம்மா! பொண்ணுக்கு ஏதாவது..."

"பொண்ணு நல்லாயிருக்கா. பிஸ்கட் தின்னுட்டு டூட்டிக்குப் போயிருக்கா. உக்காருங்க."

அவருடைய வீட்டில் அவரையே உட்காரச் சொன்னாள். அவரும் உட்கார்ந்தார்.

"காலைல ஏழு பத்துக்கு என்ன பண்றீங்க?"

சம்பந்தி கூரையைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். பிறகு தீப்பெட்டியைப் பார்த்தார்.

"அது உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சா?"

"என் வேலையே அதுதானே. எதுக்கு அஞ்சு தடவை?"

"ஆறாவது போட்டா ஒரு மணி நேரம் கழிச்சு வான்னு சொல்லுது. எதுக்கு அதுக்கும் தொந்தரவு?" என்றார் மிகுந்த மரியாதையோடு. "அங்க மூணு மாசத்துக்கு ஒரு தடவை பாஸ்வேர்டை மாத்தச் சொல்வாங்களே. நான் பின்னாடி ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு மட்டும் மாத்திக்கிட்டே போனேன். கடைசியா எதுல நின்னுச்சுன்னு ஞாபகம் இல்ல. அதான் கடைசி அஞ்சையும் வரிசையா போட்டுப் பாக்கறேன்."

அத்தை நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். பாஸ்வேர்டை முழுசாக மாற்றுங்கள் என்று முப்பது வருஷமாக இவள் கூட்டம் போட்டுக் கத்தினது எல்லாம் இந்த அழகில்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

"உங்க ஐடியை மூடி ஆறு மாசமாச்சு. எதைப் போட்டாலும் திறக்காது. தெரியாதா?"

"தெரியும். மூடின கதவுன்னா ஒரு தடவை தட்டிப் பாக்க மாட்டோமா? யாராவது மறந்து திறந்து வெச்சிருக்கலாம்ல."

"உள்ள போய் என்ன பண்ணப் போறீங்க?"

சம்பந்தி தீப்பெட்டியை எடுத்து நேராக வைத்தார். அத்தை விடுகிற ஆளா? நாற்காலியை இழுத்துக்கொண்டு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"டூட்டி அட்டவணை," என்றார் கடைசியில். "அவளுக்கு இந்த வாரம் என்ன ஷிப்ட்னு அதுல போட்டிருக்கும். முன்னெல்லாம் தினம் காலைல பாப்பேன். ரிட்டயர் ஆனப்புறம் போன்ல கேட்டுக்குவேன். நீங்க ஞாயித்துக்கிழமை..." நிறுத்தினார். "நீங்க சொன்னது தப்புன்னு சொல்லல. ஒன்பது போன் அதிகம்தான். வாக்கு கொடுத்துட்டேன், போன் பண்ணல. மெசேஜும் பண்ணல. ஷிப்ட் தெரிஞ்சா, அவ இறங்கற நேரத்துக்கு பஸ் ஸ்டாப் பக்கம் தற்செயலா நிக்கலாமேன்னு பாத்தேன். பேசக்கூட மாட்டேன். ஒரு தலையாட்டு ஆட்டிட்டு வந்துடுவேன்."

"நாலு நாளா ஷிப்ட் தெரியாம என்ன பண்ணீங்க?"

"காலைல ஒரு தடவை போய் நிப்பேன். மத்தியானம் ஒரு தடவை. சாயங்காலம் ஒரு தடவை. ஒரு தடவையும் அமையல. ஸ்டாப் பக்கத்துப் பழக்கடைக்காரன் நான் இன்ஸ்பெக்டர்னு நெனச்சு சரியா எடை போட ஆரம்பிச்சுட்டான்."

அத்தைக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும். இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததால் இருமலாக வெளியே வந்தது. சம்பந்தி ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். தம்ளரில் 'தம்ளர்' என்று எழுதவில்லை, அதுவரைக்கும் பரவாயில்லை.

"இதை நீங்க எழுதிக் கொடுக்கணுமா சம்பந்திம்மா?"

அத்தை தண்ணீரைக் குடித்து முடித்தாள்.

"கணக்குத் தப்பா போட்டுட்டேன். அதனால உங்க பேரு வரல. அப்படியே விட்டா ஒருத்தருக்கும் தெரியாது."

"அப்போ..."

"உங்களுக்காக அந்த ஓட்டையை விட்டா, நாளைக்கு நெஜமாவே ஒருத்தன் அஞ்சஞ்சு தடவையா தட்டிக்கிட்டே இருப்பான். உள்ள இருக்கறது ஊரார் ஸ்கேன் படம் எல்லாம். உங்க பொண்ணு எடுத்த படங்க."

இருபத்தெட்டு வருஷம் ஸ்டோர்ஸில் ஒரு கையுறைப் பெட்டிகூடக் குறையாமல் பார்த்துக்கொண்டவர் சம்பந்தி.

"எழுதுங்க," என்றார். "இருப்புன்னா இருக்கறதைத்தான் எழுதணும். அவ கேட்டா மட்டும், நானே சொன்னேன்னு சொல்லிடுங்க."

"என்னத்தை நீங்களே சொன்னீங்க?"

"எழுதச் சொன்னேன்னு."

வீட்டுக்கு வந்தபோது மணி மூன்று இருபது. அத்தை ஃபைலைத் திறந்து அந்த ஒரு இடத்தைத் திருத்தினாள். 'ஐந்துக்கு மேல்' என்பது 'ஐந்து அல்லது அதற்கு மேல்' ஆனது. டேட்டா சோர்ஸைப் புதுப்பிக்கும் கமாண்டைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தாள். இந்தத் தடவை டீ போடவில்லை.

பிடிபட்டவர்கள்: ஒன்று.

காரணம் என்ற இடத்தில் அவள் எழுதியது: 'மகளின் டூட்டி நேரத்தைத் தெரிந்துகொள்ள முயன்றார். உள்ளே நுழையவில்லை. இவர் என் சம்பந்தி. ஆகவே இதன் மேல் நடவடிக்கையை வேறொருவர் முடிவு செய்யட்டும். மகளுக்குப் போன் செய்ய வேண்டாம் என்று இவரிடம் சொன்னது நான்.'

கடைசி வரியை ஆடிட்டர் கேட்கவில்லை. இரண்டு தடவை அழித்தாள், மூன்று தடவை எழுதினாள். மூன்று ஐம்பத்திரண்டுக்கு அனுப்பினாள்.

நாலே முக்காலுக்குத் தாடி கூப்பிட்டான்.

"மேடம், ஜீரோவா இருந்துச்சே! யார் நோண்டச் சொன்னது?"

"தப்பா இருந்துச்சு ராசா. சரி பண்ணேன்."

"அதுக்கு சொந்தத்தையே பிடிச்சுக் கொடுப்பாங்களா? ஆஸ்பத்திரி சீஃப் படிச்சுட்டார். நாளைக்குப் பத்து மணிக்கு உங்களையும் உங்க சம்பந்தியையும் வரச் சொல்றார். குரலைக் கேட்டா திட்டறாரா சிரிக்கறாரான்னே தெரியல." கொஞ்சம் தயங்கினான். "இன்னொண்ணு மேடம். தப்பா எடுத்துக்காதீங்க. நான் ஸ்கேன் ரூம்ல சொல்லிட்டேன்."

"எதை?"

"உங்க மருமகள்கிட்ட. அவங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

அத்தை போனை வைப்பதற்குள் அது மறுபடி அடித்தது. மருமகள்.

"அத்தை, எங்கப்பா பேரை நீங்களா கொடுத்தீங்க?"

"ஆமா."

மறுபக்கம் ஸ்கேன் ரூம் கதவைச் சாத்துவது கேட்டது.

"காலைல சும்மாதான்னு சொன்னீங்க."

"சொன்னேன். தப்புதான். எதுக்குத் தட்டினார்னு தெரியுமா?"

"தெரியும். நீங்க எழுதி அனுப்பினதை உங்க மேலதிகாரி படிச்சுக் காட்டினார்." மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "முழுசா."

போன் வைக்கப்பட்டது. கோபத்தில் வைத்ததா, பேஷண்ட் வந்ததால் வைத்ததா, தெரியவில்லை. திரையில் எழுதியிருந்தால் அத்தை படித்துவிடுவாள். பெண்கள் மனசுக்கு லாக் கிடையாது.

மாலை ஆறு மணிக்கு மகன் வந்தான். யாரோ ஒரு புது மாணவர் சுவரில் மோதிய கதையைச் சொல்ல வாயெடுத்தவன், அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போய்ப் பாத்திரம் கழுவினான். நல்ல வளர்ப்பு.

அத்தை மேஜையிலிருந்த போனைச் சுற்றி இரண்டு நடை நடந்தாள். நாலு நாளாக இந்த வீட்டில் போன் பேசாமல் இருந்தது எவ்வளவு நன்றாக இருந்தது என்று காலையில் நினைத்தவள்தான். எடுத்து எண்ணைப் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"சம்பந்தி, நாளைக்குப் பத்து மணிக்கு சீஃப் கூப்பிட்டிருக்கார். ரெண்டு பேரும் போகணும். இஸ்திரி போட்ட சட்டையா போட்டுக்குங்க."

"சரி சம்பந்திம்மா."

"இன்னொண்ணு. அவளுக்கு இன்னிக்கு எட்டு மணிக்கு ஷிப்ட் முடியும். எட்டே கால் பஸ். நாளைக்கும் நாளன்னிக்கும் காலை ஷிப்ட், ரெண்டு மணிக்கு விடுவாங்க. ஞாயிறு லீவு. எழுதிக்கிட்டீங்களா?"

மறுபக்கம் பேனா தேடும் சத்தம். பிறகு எழுதும் அமைதி.

"பழக்கடைப் பக்கம் ஒளிஞ்சு நிக்காதீங்க. பொண்ணைப் பாக்க வந்தேன்னு சொல்லி நடுவுல நில்லுங்க."

"அவளுக்கு விஷயம் தெரிஞ்சுபோச்சா?"

"தெரிஞ்சுபோச்சு."

"யார் மேல கோவமா இருக்கா?"

அத்தை வாசல் கதவைப் பார்த்தாள். எட்டே கால் பஸ்ஸில் இறங்குகிறவள் இந்த வீட்டுக்கு வருவாளா, அப்பாவோடு அந்த மாடிப் போர்ஷனுக்கே போய்விடுவாளா, யார் கண்டது?

"ரெண்டு பேர் மேலயும்தான்," என்றாள். "முதல்ல நீங்க வாங்கிக்குங்க. மிச்சம் இருந்தா இங்க அனுப்பி வைங்க. நான் சாப்பிடாம உக்காந்திருக்கேன்னு சொல்லுங்க."